வளர்ப்பு மானுக்கு ஏன் இரண்டு அடையாளம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் ஒரு வெண்வால் மான் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் எங்கள் மாட்டுக்கு ஒரே ஒரு மஞ்சள் காது வில்லைதான். இங்கே மானுக்கு வில்லையும் போட்டு, காதில் பச்சையும் குத்துகிறார்கள். ஏன் இரண்டு? குட்டிக்கு எப்போது போட வேண்டும்? ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? இந்தியாவில் இப்படி மான் வளர்க்க முடியுமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மான் அடையாள விதிகளில் பெரும்பகுதி அந்த ஒரே நோயைப் பின்தொடர எழுதப்பட்டவை. திருட்டைத் தடுப்பதோ உரிமையை நிலைநாட்டுவதோ அவற்றின் முதல் வேலை இல்லை.

நோயின் பெயர் சி.டபிள்யூ.டி. மானை இளைக்க வைத்துக் கொல்லும் மூளை நோய். பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை. பிரையான் எனப்படும், உருக்குலைந்த புரதம். 1967-ல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம் முதலில் கவனித்தார்கள். இது ஆட்டின் ஸ்கிரேப்பி நோயின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1978-ல் தெரிந்தது; பின்னால் தெரியவந்த மாட்டின் பித்து நோயும் ('மேட் கவ்') அதே குடும்பம்தான். 1981-ல் அதே மாநிலத்தில் எல்க் என்ற பெரிய மான் வகையில், காட்டில் திரிந்த ஒன்றிடமும் கண்டார்கள். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. நோய் தொற்றிய மான் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல் வெளியில் எந்தக் குறியும் காட்டாமல் கொழுகொழுவென்று திரியும். அந்தக் காலத்திலேயே எச்சில், சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் பிரையானை விட்டுக்கொண்டிருக்கும். மண்ணில் அது பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும்.

ஆக, இன்று ஒரு மான் செத்துச் சோதனையில் நோய் உறுதியானால், "இது எங்கே பிறந்தது, எந்தெந்தப் பண்ணைக்குப் போனது, அங்கே எவற்றோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தது" என்று ஐந்து ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். ஐந்து என்பது நானாகச் சொல்லும் எண் இல்லை. நோய்க்கு ஆட்பட்டிருக்கக்கூடிய மான் எது என்பதற்குக் கூட்டாட்சி விதி வைத்திருக்கும் காலக்கணக்கே அதுதான்.

அடையாளம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். கனடாவின் சஸ்காச்சுவானில் 1996-ல் ஒரு எல்க் பண்ணையில் நோய் தெரிந்தபோது, மூலம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்து வாங்கிவந்த எல்க் என்று தெரியவந்தது. பிறகு கனடாவிலிருந்து தென்கொரியாவுக்குக் கப்பலேறிய எல்க்குகளிடம் 2001-ல் அதே நோய். காட்டு மான் தன் காலால் நடந்து பசிபிக் கடலைத் தாண்டப் போவதில்லை. நோயை அந்தத் தூரம் கொண்டுபோனது வியாபாரம். வியாபாரம் என்றால் கைமாற்றம். கைமாற்றம் என்றால் பதிவு. விதியின் வேர் இங்கே இருக்கிறது.

இப்போது விதிக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறை 2012-ல் சி.டபிள்யூ.டி. மந்தைச் சான்றிதழ்த் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பண்ணைக்காரர் சேர்வது அவர் விருப்பம். ஆனால் மாநில எல்லை தாண்டி மானை உயிரோடு விற்க வேண்டுமென்றால் சான்றிதழ் பெற்ற மந்தையாக இருக்க வேண்டும் என்பதால், அந்த 'விருப்பம்' பாதிக் கட்டாயம்தான். சான்றிதழ் நிலையை எட்ட ஐந்து ஆண்டு நோயின்றிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெண்வால் மானும் மியூல் மானும் சேர்ந்த ஓடோகாய்லியஸ், எல்க்கும் சிவப்பு மானும் சேர்ந்த செர்வஸ், மூஸ் சேர்ந்த ஆல்சஸ் என்ற மூன்று பேரினங்களும் அவற்றின் கலப்பினங்களும் இதன் மையத்தில் இருப்பவை.

அடையாளம் பற்றிய வாசகம் நேரடியானது. ஒவ்வொரு மானுக்கும் குறைந்தது இரண்டு அடையாளம். ஒன்று, நாடு முழுவதும் வேறெந்த விலங்குக்கும் இல்லாத எண்ணைத் தாங்கிய அதிகாரப்பூர்வ அடையாளம். மற்றொன்று, அந்த மந்தைக்குள் தனித்துவமாக இருந்தால் போதும். இரண்டு எண்ணும் தேசியத் தரவுத்தளத்திலோ, ஏற்கப்பட்ட மாநிலத் தரவுத்தளத்திலோ அதே மானின் பெயரில் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காதில் இரண்டு வில்லை தொங்கி, பதிவில் ஒன்றுதான் ஏறியிருந்தால், விதியின் கண்ணில் அந்த மானுக்கு ஒரு அடையாளம்தான்.

அதிகாரப்பூர்வ எண்ணில் இன்று பரவலாக இருப்பது 840 வில்லை. பதினைந்து இலக்கம், 840 என்று தொடங்கும், அது அமெரிக்காவின் நாட்டு எண். வில்லையில் அமெரிக்கக் கேடயச் சின்னமும், கழற்றுவது சட்டவிரோதம் என்ற எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிவிட முடியாது. பண்ணை நிலத்துக்கு முதலில் இட அடையாள எண் வாங்க வேண்டும். எந்த வில்லை எந்த இடத்துக்குப் போனது என்பது அந்த எண்ணின் பெயரில் பதிவாகும். நம் ஊரில் பசு ஆதார் என்று பன்னிரண்டு இலக்க வில்லை போடுகிறார்களே, கணினிப் பதிவு என்ற அளவில் அதன் உறவுக்காரன்தான். பழைய ஒன்பது எழுத்து உலோக வில்லையும் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 2024 நவம்பர் 5 முதல் வில்லையைக் கண்ணாலும் மின்னணுக் கருவியாலும் படிக்க முடிந்தாக வேண்டும் என்று ஒரு விதி வந்ததல்லவா? அது சில வகை மாடுகளுக்கும் பைசனுக்கும். அதைக் காட்டி மானுக்கும் உலோக வில்லை செல்லாது என்று யாராவது சொன்னால், எந்த விதி என்று கேளுங்கள். மாநில விதி தனியாகக் கேட்கிறதா என்பது வேறு விஷயம். அதை மாநில அலுவலகத்திடம்தான் உறுதிசெய்ய வேண்டும்.

அடையாள வடிவங்களாக விதி ஏற்பது: தோலுக்குள் செலுத்தும் மின்னணுச் சில்லு, விலாவில் குத்தும் பச்சை, காதில் குத்தும் பச்சை, எளிதில் கழற்றி மாட்ட முடியாத காது வில்லை, அல்லது துறை ஒப்புக்கொண்ட வேறு சாதனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு, இரண்டு கேட்பதன் காரணமும் அதுதான். தொங்கும் பெரிய வில்லையைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் படிக்கலாம். ஆனால் கம்பி வலையில் சிக்கிக் காதோடு கிழியும். பொத்தான் போன்ற சிறிய 840 வில்லை நன்றாக நிற்கும். ஆனால் மானைப் பிடிக்காமல் எண் தெரியாது. பச்சை விழவே விழாது. ஆனால் காதைத் திருப்பி, துடைத்து, டார்ச் அடித்தால்தான் தெரியும், சரியாகக் குத்தாவிட்டால் 3-ஆ 8-ஆ என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காதின் உட்புறத்தில் கறுப்பு மையைவிடப் பச்சை மை தெளிவாகத் தெரியும் என்பதால் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். சில்லு அழகானது, வெளியே எதுவும் தெரியாது. ஆனால் படிக்கும் கருவி கையில் இல்லாதவருக்கு அது இல்லாத மாதிரிதான். என் கருத்தைக் கேட்டால், கண்ணுக்குத் தெரிவது ஒன்று, விழாதது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வில்லை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், ஒரு பெருங்காற்றில் வேலியில் மோதிய ஆண் மான் இரண்டையும் இழந்து நிற்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

எப்போது போட வேண்டும் என்பதற்குக் கூட்டாட்சித் திட்டத்தில் மூன்று கெடு. பன்னிரண்டு மாதம் நிரம்புவதற்குள். அதற்கு முன்பே பண்ணையைவிட்டு வெளியே போவதாக இருந்தால், எந்த வயதானாலும் போவதற்கு முன். மந்தைக் கணக்கெடுப்பு வந்தால் அதற்கு முன். மூன்றில் எது முதலில் வருகிறதோ அது. இதன் மேல் மாநிலம் தன் கெடுவை வைக்கும். உங்கள் டெக்சஸில் மான் வளர்ப்பவர்களுக்கு உரிமம் கொடுப்பது பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை. பிறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் அடையாளம் இட்டாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். கோடையில் பிறந்த குட்டிக்கு இது ஒன்பது, பத்து மாதம்தான். கூட்டாட்சியின் பன்னிரண்டு மாதத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் மாநிலக் கெடு கடந்துவிடும்.

சட்டம் இவ்வளவு காலம் கொடுத்தாலும், வேலை தெரிந்தவர்கள் முதல் ஓரிரு நாளிலேயே முடித்துவிடுவார்கள். பிறந்த வெண்வால் குட்டி சுமார் மூன்று கிலோ இருக்கும். ஆபத்து என்றால் ஓடாது. புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி அசையாமல் படுத்துக்கொள்ளும். குனிந்து எடுத்துவிடலாம். மூன்று, நான்கு நாள் போனால் துரத்தி மூச்சு வாங்குவது நீங்கள்தான். அதுவும் தப்பிவிட்டால், குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகை வழியாக ஓட்டி, தரை கீழிறங்கி மானை இருபுறமும் தாங்கிக்கொள்ளும் பெட்டிக்குள் விட்டுத்தான் பிடிக்க வேண்டும். வளர்ந்த மானை அப்படிப் பிடிப்பதில் இன்னொரு ஆபத்து: பயத்திலும் திமிறலிலும் தசை சிதைந்து, அப்போது நன்றாக இருந்த மான் பிறகு செத்துக் கிடக்கும். வெயில் ஏறிய பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

குட்டியின் காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ரத்தக் குழாய்கள் கிளை பிரிந்து ஓடுவதும், காதை நீளவாக்கில் தாங்கும் குருத்தெலும்பு வரம்புகளும் தெரியும். தலைக்கும் நுனிக்கும் நடுவே, இரண்டு வரம்புக்கு இடைப்பட்ட மெல்லிய இடத்தில் துளை விழ வேண்டும். ஆணிப் பகுதி காதின் பின்புறத்திலிருந்து நுழைந்து உட்புற வட்டில் பூட்டும். ஆணியையும் இடுக்கியின் ஊசியையும் ஒவ்வொரு குட்டிக்கும் கிருமிநாசினியில் முக்குங்கள். வில்லை காதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. காது இன்னும் வளரும். நுனிக்கு அருகே போட்டால் கிழியும், அடிக்கு மிக அருகே போட்டால் சீழ் பிடிக்கும். கையோடு குட்டியின் பாலினம், பிறந்த தேதி, தாயின் எண், அந்த இரண்டு அடையாள எண்கள் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் இரண்டு குட்டிகளின் எண் இடம் மாறுகிறது.

விழுந்த வில்லை விஷயத்துக்கு வருகிறேன். விழுந்தது தெரிந்தவுடன் மற்ற அடையாளத்தை வைத்து மான் எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு புது எண்ணுள்ள வில்லையைப் போட்டு, பதிவில் பழைய எண்ணை அழிக்காமல், "இந்த எண் போய் இந்த எண் வந்தது, இந்தத் தேதியில்" என்று இணையுங்கள். கீழே கிடந்த பழைய வில்லையை எடுத்து வேறு மானுக்கு மாட்டுவதைச் சிக்கனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நிமிடத்தில் பதிவேடு பொய்யாகிவிடுகிறது; ஐந்து ஆண்டு சேர்த்த சான்றிதழ் நிலை அந்தப் பதிவேட்டின் மேல்தான் நிற்கிறது. நன்றாக இருக்கும் அதிகாரப்பூர்வ வில்லையை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றவும் உங்களுக்கு உரிமை இல்லை.

வில்லை போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சொல்லப்போனால் செலவும் சண்டையும் இனிமேல்தான். திட்டத்தில் இருக்கும் மந்தைக்கு ஆண்டுதோறும் கணக்கு. மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை, ஒவ்வொரு மானையும் நேரில் காட்டி, அடையாளத்தைப் பாதுகாப்பாகப் படிக்கும் நிலையில் நிறுத்திக் கணக்கு. மானைத் திரட்டுவது, பிடிப்பது, அதற்கான செலவு எல்லாம் உரிமையாளர் தலையில். அதிகாரி வந்து பட்டியலோடு நிற்பார். எண்ணிக்கையில் ஒரு மான் குறைந்தால் "ஓடிப்போயிருக்கும்" என்ற பதில் செல்லாது. தப்பியதையும் காணாமல் போனதையும் அந்தந்த மானின் எண்ணோடு உடனே தெரிவித்திருக்க வேண்டும். 2012 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கிய மந்தைக்கு வேலி எட்டடி உயரம் வேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். வெண்வால் மான் ஆறடியைச் சிரமமில்லாமல் தாண்டும்.

அடையாளத்தின் முழு மதிப்பும் தெரிவது சாவில். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட மான் எப்படிச் செத்தாலும், நோயால் ஆகட்டும், கசாப்புக்கு ஆகட்டும், வேட்டையில் ஆகட்டும், தெரிவித்து சோதனைக்கு உட்படுத்த வேண்டும். உயிருள்ள மானில் மலக்குடல் திசுவை எடுத்துப் பார்க்கும் முறை உண்டு, ஆனால் எல்லா மானிலும் நோயை அது காட்டிக்கொடுத்துவிடாது. தலைதான் ஆதாரம்: மூளைத்தண்டின் ஒரு குறிப்பிட்ட பகுதியும், தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சும். அனுப்பும்போது வில்லையைத் தனியாகக் கழற்றி உறையில் போடுவதைவிட, காதுத் தோலோடு சேர்த்து வெட்டி அனுப்பச் சொல்வார்கள். நோய் உறுதியாகி, "அது என் மானே இல்லை, மாதிரி மாறிவிட்டது" என்று பண்ணைக்காரர் மறுத்தால், மூளைத் திசுவின் டி.என்.ஏ.வும் வில்லை ஒட்டியிருக்கும் தோலின் டி.என்.ஏ.வும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். பல லட்சம் ரூபாய் மந்தை அழிப்பு வழக்கு விரலளவு காதுத் தோலில் தீர்ந்துபோகும்.

மந்தையை அழிக்க அரசு முடிவு செய்தால் இழப்பீடு உண்டு: மதிப்பிட்ட விலையில் 95 சதவீதம், ஆனால் மானுக்கு 3,000 டாலர் உச்சவரம்பு. பெரிய கொம்புக்காகவே வளர்த்த ஆண் மானின் சந்தை விலை இதைவிடப் பல மடங்கு போகும் என்பதால், இந்த வரம்பு மேல் பண்ணைக்காரர்களுக்கு ஆறாத கோபம்.

டெக்சஸில் இன்னொரு நெருடல், நீங்கள் வேலை செய்யும் இடத்திலேயே கேட்டிருப்பீர்கள். வளர்த்த மானைப் பெரிய வேலி போட்ட வேட்டை நிலத்தில் விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வரும் வேட்டைக்காரருக்குக் காதில் பிளாஸ்டிக் தொங்கும் மான் பிடிக்காது. அது 'காட்டு மான்' என்ற கற்பனை கலைந்துவிடுகிறது. நோய்க் கண்காணிப்பாளருக்கோ, அப்படி விட்ட மான்தான் கண்ணுக்குத் தெரியும்படி வில்லையோடு இருக்க வேண்டும். 2015-ல் மதினா மாவட்டத்து வளர்ப்புப் பண்ணையில் வெண்வால் மானிடம் நோய் தெரிந்ததிலிருந்து இந்த இழுபறி சூடாகவே இருக்கிறது; விதியும் அதற்கேற்ப மாறிக்கொண்டே வருகிறது. நான் கண்காணிப்பாளர் பக்கம். வேட்டைக்காரரின் புகைப்படம் கெட்டுப்போவது பெரிய நஷ்டம் இல்லை.

'என் மான், என் வில்லை' என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. 2019-ல் ஆஸ்டினில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் பெற்று வளர்த்தாலும் வெண்வால் மான் மாநில மக்களின் சொத்தாகவே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. எண்ணிட்டதால் மான் வளர்ப்பவரின் உடைமையாகிவிடாது. வைத்திருக்கும் உரிமை மட்டுமே அவருடையது.

நியூசிலாந்து இதை வேறு மாதிரிச் செய்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே மான் முழுக்கப் பண்ணை விலங்கு, பெரும்பாலும் சிவப்பு மான், இறைச்சிக்கும் இளங்கொம்புக்கும். சி.டபிள்யூ.டி. அங்கே இல்லை, கவலை காசநோயும், கோமாரி போன்ற வெளிநோய் நுழைந்துவிடுமோ என்பதும். 2013 மார்ச் 1 முதல் நெய்ட் என்ற தேசியத் திட்டத்தில் மானுக்கு மின்னணு வில்லை கட்டாயம்: பிறந்து 180 நாளுக்குள், அல்லது பண்ணையைவிட்டுப் போவதற்கு முன், எது முந்தியதோ அது. இடம் மாறினால் 48 மணி நேரத்துக்குள் பதிவு. ஒரே நாடு, ஒரே திட்டம். அமெரிக்காவில் கூட்டாட்சி, மாநில வேளாண் துறை, மாநில வனவிலங்குத் துறை என்று மூன்று பேர் ஒரே காதைப் பிடித்து இழுப்பது அங்கே இல்லை.

இந்தியாவில் வளர்க்கலாமா? முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் கடமானும் பாதுகாக்கப்பட்டவை; தனியார் இறைச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ பண்ணை வைக்க வழியில்லை. தாயில்லாத குட்டியைத் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்ப்பதுகூடக் குற்றம். வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மைய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பூங்காக்களில் மட்டுமே மான் இருக்க முடியும். ஆனால் நம் புள்ளிமானை 1930-களில் டெக்சஸ் கொண்டுபோனார்கள். மலைப்பகுதியில் பெருகி இன்று அங்கே சுதந்திரமாகத் திரிகிறது. அங்கே அது வெளிநாட்டு விலங்கு, வேட்டைக் காலக் கட்டுப்பாடே கிடையாது. மேலே சொன்ன மூன்று பேரினங்களில் அது இல்லாததால், இதுவரை சொன்ன இரட்டை அடையாள விதியும் அதன் காதுக்கு வராது. உங்கள் பண்ணையில் வெண்வாலோடு புள்ளிமானும் இருந்தால், ஒரே பட்டியலில் கலந்து எழுதாதீர்கள்.

கடைசியாக, உங்கள் முதலாளி வெளியிலிருந்து மான் வாங்கப் போகிறார் என்றால் வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியது. கால்நடை மருத்துவரின் ஆய்வுச் சான்றிதழில் இருக்கும் எண்ணையும் மானின் காதில் இருக்கும் எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒத்துப் பாருங்கள், இரண்டு அடையாளத்தையும். விற்பவரின் மந்தை திட்டத்தில் எந்த ஆண்டில் இருக்கிறது என்று மாநில அலுவலகத்தில் கேளுங்கள். அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உங்களைவிடக் கீழ்நிலையில் இருக்கும் மந்தையிலிருந்து ஒரே ஒரு மான் உள்ளே வந்தாலும் உங்கள் மந்தை முழுவதும் அந்த நிலைக்கு இறங்கிவிடும். நான்கு ஆண்டு முடித்தவர் இரண்டாம் ஆண்டு மந்தையின் மானை வாங்கினால், மீண்டும் இரண்டிலிருந்து எண்ண வேண்டியதுதான். எண்ணில் ஓர் இலக்கம் ஒத்துவராவிட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.